எண்களுக்குக் காவல் நிற்கும் கட்டங்கள்

சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, மின் நிலையம் என்று நம் குடும்பங்களில் பலருக்கு வேலை கண்ட்ரோல் ரூமில்தான். அங்கே திரையில் கட்டம் கட்டமாக, கோடுகளால் இணைத்த படம் ஒன்று தெரியும். அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன் பிளாக். அது என்ன வேலை செய்கிறது?

ஒரு தொட்டியில் திரவத்தின் மட்டத்தைப் பாதியிலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று கொள்வோம். தொட்டியிலுள்ள டிரான்ஸ்மிட்டர், மட்டத்தை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்பும். காலி என்றால் 4, நிறைந்தால் 20, பாதி என்றால் 12. காலித் தொட்டிக்கு 0 என்று ஏன் வைக்கவில்லை? கம்பி அறுந்தாலும் 0தான் வரும். இரண்டும் குழம்பிவிடக் கூடாதே!

முதல் பிளாக் இந்த மின்னோட்டத்தைச் சதவீதமாக மாற்றும். இரண்டாவது, பி.ஐ.டி. பிளாக். வேண்டிய மட்டத்துக்கும் இருக்கும் மட்டத்துக்கும் இப்போது எவ்வளவு வித்தியாசம், இதுவரை சேர்ந்த வித்தியாசம் எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று மூன்றையும் கணக்கிடும். பழையதை நினைவில் வைத்திருப்பதுதான் இதன் சிறப்பு. மூன்றாவது பிளாக் வால்வைத் திறக்கும் அல்லது மூடும். புள்ளிகளை இணைத்துக் கோலம் போடுவதுபோல் இவற்றை இணைத்தால் போதும். அதே பி.ஐ.டி. பிளாக்கை வேறு எண்கள் கொடுத்து வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் பயன்படுத்தலாம்.

இப்படிக் கட்டங்களால் நிரல் எழுதும் முறையை, 1993ல் வெளிவந்த ஐ.இ.சி. 1131-3 என்ற சர்வதேசத் தர நூல் (இப்போது 61131-3) ஒழுங்குபடுத்தியது. பிளாக்குகளைப் பல கருவிகளில் பிரித்து வைத்து இயக்கும் முறைக்கு 2005ல் ஐ.இ.சி. 61499 வந்தது.

அதே 2005ல், டிசம்பர் 11ஆம் தேதி, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் நடந்ததைப் பாருங்கள். ஒரு தொட்டிக்குள் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்க, அதிகாலை சுமார் 3 மணிக்கு மட்டம் காட்டும் கருவி அசையாமல் நின்றுவிட்டது. திரையில் எண் மாறவில்லை. கடைசிக் காவலாக இருந்த தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் பூட்டு போடப்படாததே காரணம். ஐந்தரை மணிக்கு மேல் பெட்ரோல் வழிந்தது. 6.01க்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. 43 பேர் காயமடைந்தனர்.

எண் வருகிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. ஆகவேதான் ஃபீல்ட்பஸ் கருவிகளின் பிளாக்குகள் எண்ணோடு அதன் தரத்தையும் சேர்த்து அனுப்புகின்றன: 'நல்லது', 'சந்தேகம்', 'கெட்டது' என்று. 'கெட்டது' என்று வந்தால் பி.ஐ.டி. பிளாக் தானியங்கி முறையிலிருந்து விலகும்படி அமைக்கலாம். ஆனால் உறைந்து நின்ற கருவி தன்னை 'நல்லது' என்றே சொல்லிக்கொள்ளக் கூடும். அதற்கு இன்னொரு பிளாக் வேண்டும்: உள்ளே பாய்வது இவ்வளவு, மட்டம் ஏன் உயரவில்லை என்று ஒப்பிட்டு மணி அடிக்க.

கடைசிக் காவலோ இந்தப் படத்துக்கு வெளியே, தனிக் கருவியாகவும் தனிக் கம்பியாகவும் இருக்க வேண்டும். குறித்த காலத்தில் சோதிக்கப்படவும் வேண்டும். இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கும் நம் இளைஞர்கள் பிளாக்குகளை இணைக்கச் சீக்கிரமே கற்றுவிடுவார்கள். அவற்றுள் வரும் எண்ணைச் சந்தேகிக்கவும் கற்றுக்கொண்டால்தான் ஆலையும் அதைச் சுற்றி வாழும் ஊரும் நிம்மதியாகத் தூங்க முடியும்.