தேர்வு வாரத்திற்கு முன்பே நேரத்தைக் கணக்கிடுங்கள்

தொடக்கக் கல்லூரியில் காலை முதல் மாலை வரை கால அட்டவணை உங்களை நடத்திச் சென்றது. பல்கலைக்கழகத்திலோ வாரத்தில் சில மணி நேரமே வகுப்பு. மற்ற நேரமெல்லாம் ஓய்வு போலத் தோன்றும். ஆனால் அது ஓய்வன்று.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாட அலகுக்கு வாரம் 2.5 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஒரு பாடத்திற்குப் பொதுவாக 4 அலகுகள். ஐந்து பாடங்கள் எடுப்பவருக்கு வகுப்பு, வாசிப்பு எல்லாம் சேர்த்து வாரம் 50 மணி நேரம் தேவை. வாரத்தில் உள்ளவை 168 மணி. அன்றாடம் 7 மணி நேரத் தூக்கத்திற்கு 49 போனால் மிஞ்சுபவை 69. பயணம், சாப்பாடு, பகுதிநேர வேலை, குடும்பம், நண்பர்கள், கைப்பேசி அனைத்தும் இதற்குள்தான்.

நேரம் போதாமையைவிட, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று தவறாகக் கணிப்பதே பலருக்குச் சிக்கல். 1994ல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்க 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் சராசரியாகக் கணித்தனர். எல்லாமே தவறாக நடந்தால்கூட 49 நாள் என்றனர். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. ஆகவே, ஒரு கட்டுரைக்கு மூன்று மணி நேரம் போதும் என்று தோன்றினால் ஐந்து மணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி பெரும்பாலும் முதல் பருவத்தின் பிற்பாதியில் வரும். சிராங்கூன் சாலையில் விளக்குகள் ஒளிரும் நாள்களில்தான் கட்டுரைகளும் குழுப் பணிகளும் குவியும். வீட்டில் பலகாரம் சுட ஆள் தேவை, தேக்காவுக்குப் போய்வர ஆள் தேவை. மறுத்தால் அம்மாவுக்கு வருத்தம், ஒப்புக்கொண்டால் கட்டுரைக்கு ஆபத்து! பருவம் தொடங்கும் வாரத்திலேயே ஒப்படைக்கும் தேதிகளை ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். வீட்டாருக்கும் உங்கள் நெருக்கடி தெரியவரும். எந்த நாளில் உதவ முடியும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

லிட்டில் இந்தியாவிலிருந்து கென்ட் ரிட்ஜ் வரை ரயிலில் செல்பவர் ஹார்பர்ஃபிரண்ட்டில் வட்டப் பாதைக்கு மாறலாம். நெரிசலில் நின்றபடி கடினமான பாடத்தைப் படிக்க முயலாதீர்கள். பதிவுசெய்த விரிவுரையைக் கேட்கலாம், அல்லது சும்மா இருக்கலாம்.

நேரம் இடிக்கும்போது பலரும் முதலில் வெட்டுவது தூக்கத்தை. படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான் என்பதால் இது நட்டக் கணக்கு. இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கம் வராமலோ, எதையும் தொடங்க முடியாமலோ தவித்தால் அதைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். பல்கலைக்கழக ஆலோசகரை நாடுங்கள், அல்லது தேசிய மனநல உதவி எண் 1771ஐ எந்நேரமும் அழையுங்கள்.