பாலமும் அணையும்

நோயுற்றவர் மருத்துவரைத் தேடிச் செல்வர். குடிசார் பொறியியலாளரையோ நாம் தேடுவதில்லை. அவர் வகுத்த பாதையில் நடக்கிறோம், அவர் கொணர்ந்த நீரைப் பருகுகிறோம். அவர் செய்யும் தொழில்தான் யாது? கண்டியை வளைத்தோடும் மகாவலி கங்கையின் கரையிலே இதற்கு விடை காணலாம்.

முன்னாளிற் பேராதனையில் இவ்வாற்றைத் தோணியிலேயே கடக்க வேண்டியிருந்தது. 1833ஆம் ஆண்டில் பிரேசர் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி முதிரை மரத்தால் அங்கே ஒரு பாலம் அமைத்தார். அதன் அகலிப்பு 205 அடி. ஆற்றின் நடுவே ஒரு தூணும் இல்லை. அஃது எங்ஙனம் நின்றது? வளைவின்மேல் விழும் பாரம் வளைவின் வழியே இறங்கி இரு கரைகளையும் உந்தும். கரை அசையாதவரை பாலமும் அசையாது. 1905இல் அது கழற்றப்பட்டு, அவ்விடத்தில் வேறு பாலம் எழுந்தது.

அத்தகைய வளைவொன்றைப் படுக்கவைத்தாற் போன்றது, கண்டிக்குக் கிழக்கே 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை. 122 மீற்றர் உயரமுள்ள அக்கொங்கிறீற்றுச் சுவர் நீர் வரும் திசையை நோக்கி வளைந்துள்ளது. தேங்கிய நீரின் உந்துவிசையை அது இருமருங்கிலுமுள்ள மலைப்பாறைகளுக்குக் கடத்துகிறது. எனவே, சுவரை எழுப்புமுன் பாறையை ஆராய்தல் வேண்டும். எங்கே வெடிப்புண்டு, எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிதலே பொறியியலாளரின் முதற்பணி.

ஆயினும் பாறை மட்டுமா பாரம் தாங்கிற்று? பழைய தெல்தெனிய நகர் அந்நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தது. தலைமுறைகளாக உழுத வயலையும் குடியிருந்த மனையையும் விட்டு மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். அணையின் மின்னிலையம் 210 மெகாவாற்று ஆற்றலுடையது. அதன் பயனை நாடு முழுவதும் நுகர்கிறது. இழப்போ அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தோருக்கே உரியதாயிற்று. பாறையின் வலிமையைக் கணிப்பதுபோல், பெயர்ந்து செல்வோர்க்கு நிலமும் நீரும் பிழைப்பும் உண்டா என்பதையும் கணித்தாலன்றித் திட்டம் நிறைவு பெறாது.

படைகளுக்கு அரணமைத்த பொறியியலினின்று பிரித்துக் காட்டவே 'குடிசார்' என்னும் அடைமொழி வழங்கலாயிற்று. குடிகள் இத்தொழிலின் பெயரிலேயே இருக்கின்றனர். 1964 முதல் பேராதனையில் இயங்கிவரும் பொறியியற் பீடம் இதே மகாவலியின் அருகிலேயே அமைந்துள்ளது. அங்கே வளைவுகளின் கணிதம் பயிலும் இளைஞர், கரையில் வாழும் மக்களின் கணக்கையும் உடன் பயில்வாராக.