மோட்டார் வண்டியின் மூச்சுக்குழல்

மோட்டார் வண்டி உள்ள வீடுகளில், அதன் வேகத்தைக் கூட்டியே தீருவது என்று ஒரு பிள்ளையாவது சங்கற்பம் செய்துகொள்ளும் பருவம் ஒன்று வருவதுண்டு. எங்கள் வீட்டில் அது 1986-ஆம் ஆண்டில் வந்தது. அப்போது நாங்கள் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே குடியிருந்தோம். என் தங்கையின் மகன் எங்களோடு தங்கிப் பொறியியல் படித்து வந்தான். விடுமுறைக்குச் சென்னை சென்றபோது, சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். பந்தய வண்டிகளின் பக்கவாட்டில் பாம்புகளைப் போல் நெளிந்து சென்ற புகைக்குழாய்கள் அவன் மனத்தை விட்டு அகலவில்லை. எங்கள் வசம் இருந்ததோ ஒரு பழைய அம்பாஸடர்.

"மாமா, வண்டிக்கு எஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது, மூச்சு விடத்தான் வழியில்லை. மேனிபோல்டை மாற்றினால் போதும்" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினின் ஒவ்வொரு ஸிலிண்டரிலிருந்தும் எரிந்த வாயு வெளியேறும் வாசல்களை ஒன்று சேர்த்து, ஒரே குழாயாக்கி, சைலன்ஸருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் கிளைக்குழாயே புகை மேனிபோல்டு என்பது. அதை வெறும் சாக்கடை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அதனுள் நடப்பது மிக நுட்பமான விஷயம். புகை வால்வு திறக்கும் கணத்தில் பிஸ்டன் இன்னும் அடிமட்டத்தை எட்டியிராது. உள்ளே அழுத்தம் மிகுந்திருக்கும். ஆகையால் புகை ஓடைநீர் போல் ஒழுகுவதில்லை, துடிதுடிப்பாகப் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஓர் அழுத்த அலையை எழுப்ப, அது சூடான வாயுவில் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. குழாய் திடீரென்று அகலும் இடத்தை அடைந்ததும், அது குறைந்த அழுத்தமுள்ள அலையாக மாறி, வந்த வழியே திரும்புகிறது.

அந்தத் திரும்பு அலை வால்வை வந்தடையும் வேளைதான் முக்கியம். புகை வால்வு மூடி முடியுமுன்பே உள்வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் திறந்திருக்கும் அந்தச் சிறு இடைவேளையில் அலை வந்து சேர்ந்தால், மிச்சமுள்ள புகையை அது உறிஞ்சி இழுக்கும். பின்னாலேயே புதிய பெட்ரோல் கலவையும் இழுபடும். பந்தய எஞ்சின்களில் இந்த உறிஞ்சலே பாதி ரகசியம். ஆனால் குழாயின் நீளம் ஒன்றே. எஞ்சினின் வேகமோ மாறிக்கொண்டே இருப்பது. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். 6,000 சுற்றில் அதிலும் பாதி. ஒரு வேகத்தில் சரியான வேளையில் வரும் அலை, வேறொரு வேகத்தில் விருந்து முடிந்த பின் வரும் விருந்தாளி போலத் தாமதித்து வரும். ஓயாமல் உச்ச வேகத்தில் ஓடும் பந்தய வண்டிக்கு இது குறையன்று. காளிகாட்டு நெரிசலில் இரண்டாம் கியரில் நகரும் குடும்ப வண்டியின் கதை வேறு.

அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஸிலிண்டர்கள் நான்கு, புகை வாசல்களோ மூன்றுதான். நடுவில் உள்ள 2-ஆம், 3-ஆம் ஸிலிண்டர்களுக்குச் சேர்ந்து ஒரே வாசல். எஞ்சின் எரியும் வரிசை 1, 3, 4, 2 ஆகையால், நடு இரண்டும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் மாறிமாறிப் புகையைத் தள்ளுகின்றன. ஒன்றையொன்று அவ்வளவாக இடிப்பதில்லை. ஓரத்திலுள்ள 1-ம் 4-ம் அவ்வாறே. ஆகவே ஓரக் குழாய்கள் இரண்டையும் முதலில் ஒன்று சேர்த்து, நடுக்குழாயை நீளமாகத் தனியே கொண்டுபோய், பிறகு இரண்டையும் இணைப்பதே முறையான வழி. வார்ப்பிரும்பு மேனிபோல்டில் மூன்றும் ஒரு சாண் தூரத்துக்குள் மோதிக்கொள்கின்றன.

மருமகன் இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் படம் வரைந்தான். ஹௌராவில் பெலிலியஸ் ரோடுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் எஃகுக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து வாங்கி வந்தான். அங்கே ஒரு தவறு நேர்ந்தது. வரைபடத்தில் இருந்ததைவிட அகலமான குழாய்தான் கைவசம் இருக்கிறது. அகலமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்றார்களாம். வாய்க்காலை அகலப்படுத்தினால் நீரின் ஓட்டம் தணிவதைக் கண்டவர்கள் நாம். குழாய் அகன்றாலும் அப்படியே. புகையின் வேகம் குறைந்து உறிஞ்சும் சக்தி போய்விடும். எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிர் அழுத்தம் வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வதும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான். காரணம் பிழை, எஞ்சினுக்கு வேண்டுவது எதிர் அழுத்தமன்று, ஓட்டத்தின் வேகம்.

புதுக் குழாயைப் பூட்டிய அன்று வீடே திரண்டு வேடிக்கை பார்த்தது. சத்தம் பிரமாதம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பார்த்ததில், மேல் வேகத்தில் ஓரிரு நொடி மிச்சப்பட்டது. மெதுவாகப் போகையில் வண்டி முன்னைவிடச் சோம்பிற்று. குடும்ப வண்டியின் கேம் ஷாஃப்டில், இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவேளை மிகக் குறைவு. அலை வந்து கதவைத் தட்டினாலும் திறப்பார் இல்லை. தவிர, மெல்லிய குழாய்கள் பானெட்டுக்குள் வெப்பத்தைக் கொட்டின. கோடையில் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிய அனுபவம் பழைய அம்பாஸடர்க்காரர்களுக்கு உண்டு. எங்களுக்கு ஆடி மழையிலும் அது வேண்டியிருந்தது!

அந்த ஜூலையில் தீகா கடற்கரைக்குப் புறப்பட்டோம். விடாத மழை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் பின்னாலிருந்த குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். சமர்த்துக் குழந்தைகள் என்று மகிழ்ந்தேன். பிறகு ஆறு வயதுப் பெண் தலை வலிக்கிறது என்று அழுதாள், வாந்தி எடுத்தாள். பிரயாண மயக்கம் என்றாள் என் மனைவி. அவளுக்கும் தலை கனத்தது. கோலாகாட்டில் தேநீருக்கு இறங்கி ஈரக்காற்றில் நின்றதும் எல்லோரும் தெளிந்தார்கள். மீண்டும் ஏறிப் பத்து நிமிஷமாகவில்லை, அதே தலைவலி. முகம் வெளுத்துப்போன மருமகன், "மாமா, வண்டியை நிறுத்துங்கள்" என்றான்.

பானெட்டைத் திறந்தோம். நடு வாசலருகே எஞ்சினின்மேல் விசிறி போல் கரி படிந்திருந்தது.

இந்த எஞ்சினில் உள்வரும் கலவையின் மேனிபோல்டும் வெளிச்செல்லும் புகையின் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்தவை. இரண்டையும் பொதுவான ஸ்டட்டுகளே பிடித்திருக்கின்றன. ஒரு பெரிய வாஷர் பாதி இதன்மேலும் பாதி அதன்மேலும் அமர்ந்து அழுத்தும். இரண்டு பிளேஞ்சுத் தட்டுகளும் ஒரே கனமாக இருந்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். பட்டறைக்காரர் கொடுத்த தட்டு சற்று மெல்லியது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாஷர் சாய்ந்து மற்றதையே பிடித்தது; பாக்கிங் எரிந்து வழிவிட்டது. கசிந்த புகை, பெடல்களும் கம்பிகளும் நுழையும் துவாரங்கள் வழியே வண்டிக்குள் வந்துகொண்டிருந்தது. சத்தம் அதிகமானதால் கசிவின் ஓசை எங்கள் காதில் விழவில்லை.

பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்ற வரிசையில் வந்து, தூக்கத்திலேயே முடித்துவிடக்கூடியது. சமர்த்தாகத் தூங்குகிறார்கள் என்று நான் மகிழ்ந்ததை இன்று நினைத்தாலும் உடல் பதறுகிறது.

கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, குடை பிடித்தபடி நனைந்துகொண்டே வீடு திரும்பினோம். பழைய மேனிபோல்டின் முகத்தைச் சமமாகத் தேய்க்கச் செய்து, புதுப் பாக்கிங்குடன் பூட்டினோம். வால்வுகளின் கரியை நீக்கி, கார்புரேட்டரையும் இக்னிஷன் நேரத்தையும் சரிசெய்தோம். குழாய்க்குச் செலவானதில் கால் பங்குகூட ஆகவில்லை. வண்டி இளமை திரும்பியது போல் ஓடியது.

இன்றைய வண்டிகளில் இந்த வேலை இன்னும் சிக்கலானது. 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் காடலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. இப்போது பல வண்டிகளில் அது சீக்கிரம் சூடேறுவதற்காக மேனிபோல்டை ஒட்டியே இருக்கிறது. அருகே ஆக்ஸிஜன் ஸென்ஸரும் உண்டு. மேனிபோல்டோடு அவற்றையும் கழற்றி எறிவோர், நச்சை வடிகட்டும் சல்லடையையே எறிகின்றனர். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம்.

மருமகன் வரைந்த படத்தில் பிழை இல்லை என்பதை அவனுக்காகச் சொல்லவேண்டும். அந்தக் குழாய் எங்கள் மாடிப்படியின் கீழ் நெடுநாள் கிடந்தது. பழைய இரும்புக்காரர் அதைத் தராசில் வைத்தபோது, அவன் கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்டிருந்தான். கிடைத்த பணத்தை அவனுக்கே மணியார்டர் செய்தேன்.