வீட்டுக் கணினிக்கு எத்தனை காவல்?

ஒற்றைத் தடத்தில், இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான். ரயில்வேயில் இதையே பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்ற நான், எஸ்.பி. ரோட்டில் ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் வாங்கி வந்து வீட்டுக் கணினியில் போட்டேன். திறக்கிற கோப்பையெல்லாம் உடனே சோதிப்பது இவற்றின் வேலை. இரண்டும் ஒரே கோப்பில் கை வைக்க, கணினி நகர மறுத்துவிட்டது. பென்ஷன் கணக்குப் பார்க்க அரை மணி! ஒன்றை நீக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது.

உண்மையில் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் இலவசமாகவே கூட வருகிறது. என் போன்றோருக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. வேறொன்றை நிறுவினால் அது தானே ஒதுங்கிக்கொள்ளும். வாங்கத்தான் வேண்டுமென்றால் சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் என்று நம் நாட்டுச் சரக்கே உண்டு. கடைக்காரர் பேச்சை விட்டு, ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பாருங்கள். பிடிக்கும் திறன், கணினியை மந்தமாக்கும் அளவு, வீண் எச்சரிக்கை எல்லாவற்றையும் பார்த்து மதிப்பெண் தருகிறார்கள்.

2017 மே மாதம் உலகையே ஆட்டிய வானாக்ரை நுழைந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைப்புத் தந்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள்தாம் மாட்டின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம் அது; இணைத்திருக்கும் டிஸ்கையும் விடாது. ஆகவே பேத்தியின் படங்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, கழற்றி, பீரோவில் வைத்திருக்கிறேன்.