கொடுப்பது இனாமா, கூலியா?

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் தலைமையாசிரியர் பணி ஓய்வு பெற்றார். பட்டணத்திலுள்ள ஒரு தங்கும் விடுதியில் அவருக்கு மதிய விருந்து வைத்தோம். ஆசிரியர்களும் பெற்றோர் சங்கத்தாருமாக 22 பேர். சாப்பாடு நன்றாகவே இருந்தது. சிக்கல் பில் வந்த பிறகுதான் தொடங்கியது.

"பரிமாறிய பிள்ளைகளுக்கு ஏதாவது வைக்க வேண்டாமா?" என்றார் ஓர் ஆசிரியை. "அதுதான் 10 விழுக்காடு சேர்த்துப் போட்டுவிட்டார்களே, இன்னும் எதற்கு?" என்றார் சங்கப் பொருளாளர். "5 வெள்ளி வைத்தால் அவர்கள் சிரிப்பார்கள், 50 வைத்தால் நாம் அழவேண்டும்" என்றார் இன்னொருவர். பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

எனக்கோ வேறொரு சங்கடம். எங்கள் மேசைக்குப் பரிமாறியவன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த பையன். கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் அவன் வேலை செய்த அழகைப் பார்த்து மனம் குளிர்ந்துபோயிருந்தேன். வெளியே வரும்போது அவனைத் தனியாக அழைத்து 10 வெள்ளித் தாள் ஒன்றை நீட்டினேன். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"காசு வேணாம் டீச்சர். முடிஞ்சா மேனேஜருக்கு அந்தக் கார்டுல ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க. அடுத்த மாசம் என்னை நிரந்தரமாக்குறதா வேணாமான்னு பார்க்கப் போறாங்க."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தபோது என் முகம் சுட்டது. அவன் தவறாக எதுவும் பேசவில்லை. நான் கொடுக்க நினைத்தது ஒன்று, அவனுக்குத் தேவைப்பட்டது வேறொன்று.

பில்லில் இருப்பது என்ன?

நம்மில் பலர் பில்லின் அடியிலுள்ள இரண்டு வரிகளை ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். ஒன்று சேவை வரி. அது அரசாங்கத்திற்குப் போவது. 2024 மார்ச் மாதம் பல சேவைகளுக்கு இந்த வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும், உணவுக்கு 6 விழுக்காடாகவே விடப்பட்டது. இதில் பரிமாறுகிறவருக்கு ஒரு காசும் கிடையாது.

மற்றொன்று சேவைக் கட்டணம். ஹோட்டல்களில் இது பெரும்பாலும் 10 விழுக்காடு. தொழிற்சங்கம் கூட்டு ஒப்பந்தம் செய்துள்ள ஹோட்டல்களில், மாதம் முழுவதும் சேர்ந்த இந்தப் பணம் 'பாயிண்ட்' கணக்கில் தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வேலைக்கும் அனுபவத்திற்கும் ஏற்ப ஒவ்வொருவருக்கும் இத்தனை பாயிண்ட் என்று உண்டு. நம் கண்ணில் படாமல் பின்னால் பாத்திரம் கழுவுகிறவருக்கும் படுக்கை விரிப்பு மாற்றுகிறவருக்கும் பங்கு போகும். மேசையில் வைக்கும் காசு அவர்கள் வரை போவது அரிது.

ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் எல்லாக் கடைகளும் அதைத் தொழிலாளருக்குக் கொடுக்கின்றன என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. "இந்தப் பத்து விழுக்காடு உங்களுக்கு வருகிறதா தம்பி?" என்று கேட்டால் போதும். பதிலை அவர் முகமே சொல்லிவிடும்.

நீதிமன்றம் வரை போன பத்து விழுக்காடு

இந்தப் பணத்துக்காக நம் நாட்டில் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 2013 ஜனவரியில் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் நடப்புக்கு வந்தது. அப்போது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. சபா, சரவாக்கில் 800 வெள்ளி. அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்த ஹோட்டல் தொழிலில் உடனே ஒரு கேள்வி எழுந்தது. சம்பளத்தில் விழும் பள்ளத்தைச் சேவைக் கட்டணத்தைக் கொண்டு நிரப்பலாமா?

தொழிற்சங்கம் விடவில்லை. வழக்கு படிப்படியாக ஏறிக் கூட்டரசு நீதிமன்றத்தை எட்டியது. அப்படி நிரப்ப முடியாது என்று 2021 இல் தீர்ப்பாயிற்று. சேவைக் கட்டணம் வாடிக்கையாளர் கொடுத்தது, தொழிலாளருக்குச் சேரவேண்டியது; சம்பளமோ முதலாளி தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க இயலாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசின் சட்டப்படி, இனாம் வாங்கும் தொழிலாளருக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 காசு கொடுத்தாலே போதும். 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. இனாமும் சேர்த்துப் பொதுவான குறைந்தபட்ச ஊதியமாகிய 7 டாலர் 25 காசை எட்டாவிட்டால்தான் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். பல மாநிலங்கள் இதைவிட உயர்ந்த ஊதியம் வைத்திருக்கின்றன என்பதும் உண்மை. ஆனாலும் அங்கே வாடிக்கையாளர் இனாம் வைக்காமல் எழுந்து போவது, கூலி கொடுக்காமல் போவதற்குச் சமம். ஜப்பானிலோ இனாம் கொடுக்கும் வழக்கமே இல்லை. அதனால் அங்கே உபசரிப்பு குறைந்துவிடவும் இல்லை.

பங்களாவின் புறவாசல்

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் எண்ணுகிறேன் என்று கேட்பீர்கள். என் தந்தையார் தோட்டத்து மானேஜர் பங்களாவில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். புல் வெட்டுவது, பூச்செடி வைப்பது, காரைக் கழுவுவது எல்லாம் அவர்தான். தீபாவளிக்கு முதல் நாள் மாலை அவர் பங்களாவின் புறவாசலில் போய் நிற்பார். துரை ஓர் உறை கொடுப்பார். அந்த உறையில்தான் எங்கள் நான்கு பேருக்கும் தீபாவளிச் சட்டை இருந்தது.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, பங்களா வேலியோரம் இருந்த ரம்புத்தான் மரத்தில் ஒரு கொத்துப் பறித்துவிட்டேன். துரையின் மனைவியார் பார்த்துவிட்டார். அந்த ஆண்டு அப்பா புறவாசலில் விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றார். உறை வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் என்னை அடித்திருந்தால் என்றோ மறந்திருப்பேன்.

அவருடைய வேலையில் அந்த ஆண்டு எந்தக் குறையும் இல்லை. புல் ஒழுங்காகத்தான் வெட்டியிருந்தது. ஆனால் இனாமுக்குக் கணக்குக் கேட்க முடியாதே! சம்பளம் குறைந்தால் பெரிய கிராணியிடம் கேட்கலாம், சங்கத்தில் சொல்லலாம். இனாம் வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது விளங்கும். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. அன்றைய வரும்படியும் போயிற்று. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஹோட்டல்கள் வெறிச்சோடியபோது, பாயிண்ட் பணத்தை நம்பியிருந்தவர்கள் வீட்டிலும் அதே மழைதான் பெய்தது. ஆகவே அடுப்பு எரிய வேண்டியது சம்பளத்தில். இனாம் அதற்கு மேல் வரும் பலகாரமாக இருக்கலாம். அரிசியாக இருக்கக் கூடாது.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளவைப் போலவே இடமும் முறையும் முக்கியம்.

சேவைக் கட்டணம் வாங்கிய இடத்தில் மேலும் கொடுக்கவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். அது வாங்காத வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலோ ஒட்டுக்கடையிலோ மீதிச் சில்லறையை விட்டுவந்தால் நல்லது. அங்கே மேசை துடைப்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ நம் தமிழ்நாட்டிலிருந்தோ கடன் வாங்கி வந்தவராக இருப்பார். நம் முன்னோரும் அப்படிக் கப்பலேறி வந்தவர்கள்தாமே.

கொட்டும் மழையில் சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் தம்பிக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. இவர்களைப் போன்றோரின் பாதுகாப்புக்காக 2025 இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. என்றாலும் மழைநாளில் 2 வெள்ளி கூடக் கொடுப்பதும், துடைத்துக்கொள்ள ஒரு துண்டை நீட்டுவதும் மனிதத்தன்மை. நான்காவது மாடிக்கு எரிவாயுத் தோம்பைத் தூக்கி வருபவருக்கும் அப்படியே.

கொடுக்கும்போது கையில் கொடுங்கள். குழம்பு சிந்திய தட்டுக்கு அடியில் செருகிவிட்டு வராதீர்கள். பிள்ளைகள் பார்க்க வீசி எறியாதீர்கள். அவர்கள் நம்மிடமிருந்து அதையும் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அறவே செய்யக் கூடாது. வேலை நடப்பதற்கு முன்னால், வேலை நடக்க வேண்டும் என்பதற்காக, அரசாங்க அலுவலகத்தில் கொடுப்பது இனாம் ஆகாது. நம் ஊரில் அதற்குக் 'கோப்பிக் காசு' என்று செல்லப் பெயர் இருக்கிறது. சட்டத்தில் அதற்குப் பெயர் 'சுவாப்பான்'. மலாய்மொழியில் வாயில் ஊட்டிவிடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 2009 ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். இனாம் நன்றிக்காகக் கொடுப்பது. லஞ்சம் எதிர்பார்ப்போடு கொடுப்பது. கையிலிருக்கும் தாள் ஒன்றுதான், கொடுக்கும் நேரமும் நோக்கமும் வேறு.

இரண்டு வரி

அன்று அந்தப் பையன் கேட்டபடியே கார்டை வாங்கி, மலாயில் எட்டு வரி எழுதினேன். எங்கள் மேசையில் சர்க்கரை நோய்க்காரர்கள் மூவர் இருந்ததை அவனாகவே கவனித்து, கேட்காமலே சீனி போடாத தேநீர் கொண்டுவந்ததைக் குறிப்பிட்டேன். அவன் பெயரையும் நாளையும் நேரத்தையும் எழுதினேன். தலைமையாசிரியரும் கீழே கையெழுத்திட்டார். அதற்கு எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு காசும் செலவில்லை.

இரண்டு மாதம் கழித்து, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் அவன் தாயாரைக் கோயிலில் பார்த்தேன். மகன் நிரந்தரமாகிவிட்டான், இனி பாயிண்டும் உண்டு என்றார். என் கார்டினால்தான் ஆயிற்று என்று நான் சொல்லமாட்டேன். அவன் வேலை தெரிந்தவன். ஆனால் வேலை தெரிந்தவனை வேலை தெரிந்தவன் என்று எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

குறை சொல்ல வேண்டுமென்றால் மேனேஜரைக் கூப்பிடுகிறோம். நிறை சொல்லவும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்களேன்.