பைக்குக்குக் கீழே எண்ணெய்ப் பொட்டா? முதலில் துடைங்க, அப்புறம் திருகுங்க!

காலையில் வேலைக்குக் கிளம்ப பைக்கை நகர்த்துறீங்க. இரவு வண்டி நின்ற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொட்டு. ‘இன்ஜின் போச்சா? எவ்வளவு செலவாகுமோ?’ என்று மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிச்சிடும்.

பதற வேண்டாம். அதே நேரம் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றும் விட்டுடாதீங்க. 100 முதல் 125 சிசி வரையுள்ள பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்குள் இருக்கும் மொத்த ஆயிலே ஏறக்குறைய 1 லிட்டர்தான். அது குறைந்துகொண்டே போனால் ஒருநாள் ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒழுகும் ஆயில் பின் டயரில் பட்டால் வளைவில் வண்டி சறுக்கும். அது உயிருக்கே ஆபத்து.

எங்கள் வீட்டு வண்டியும் ஒருமுறை இப்படித்தான் ஒழுகியது. ஒரு கடையில் ‘இன்ஜினை இறக்கணும்’ என்றார்கள். வீட்டுக்கு வந்து துடைத்துவிட்டுப் பார்த்தால், டிரெயின் போல்ட்டின் வாஷர்தான் நசுங்கிப் போயிருந்தது. சில ரூபாய் வாஷரோடு வேலை முடிந்தது. ஆகவே, எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதை நீங்களே செய்யலாம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரவில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிங்க. காலையில் பொட்டு விழுந்த இடத்தைப் பாருங்க. இன்ஜினுக்கு நேர் கீழே இருந்தால் இன்ஜின் ஆயில். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிசுபிசுப்பாக இருந்தால், செயினுக்குப் போட்ட ஆயிலாக இருக்கலாம். முன் சக்கரம் பக்கம் என்றால் ஃபோர்க் ஆயிலாகவோ டிஸ்க் பிரேக் ஆயிலாகவோ இருக்கலாம். பிரேக் ஆயில் என்று சந்தேகம் வந்தால் வண்டியை எடுக்காதீங்க, மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

அடுத்து ஆயில் அளவு. சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, டிப் ஸ்டிக்கிலோ கண்ணாடி வட்டத்திலோ பாருங்க. டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்க்கணுமா, சும்மா விட்டுப் பார்க்கணுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் அது இருக்கும். ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலும் ஒழுகும் என்பதை மறக்காதீங்க.

இப்போது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கொஞ்சம் டீசலும் பழைய பிரஷ்ஷும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, துணியால் ஈரமில்லாமல் துடைங்க. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்க. திறந்தவெளியில் ஐந்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைங்க. வெள்ளைப் பவுடரில் ஆயில் கசியும் இடம் மட்டும் கறுத்துத் தெரியும்.

ஒரு விஷயம் கவனிங்க: ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்றில் பின்னோக்கிப் பரவும். அதனால் நனைந்த இடங்களிலேயே மேலே, முன்னால் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் மூலம். கையோடு போனில் ஒரு படம் எடுத்து வைங்க. மெக்கானிக்கிடம் போக நேர்ந்தாலும் அந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

வீட்டில் எதைச் சரி செய்யலாம்?

ஆயில் ஊற்றும் மூடி: அதன் ரப்பர் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் புதிதாக மாற்றுங்க. மாட்டும்போது லேசாக ஆயில் தடவுங்க.

டிரெயின் போல்ட்: ஆயில் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றுவது நல்லது. போல்ட்டை முதலில் கையாலேயே முழுசாகத் திருகுங்க. கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்க.

பிரீதர் பைப்: இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தம் வெளியேறும் குழாய் இது. மடங்கியோ அடைத்தோ இருந்தால், அழுத்தம் தாங்காமல் சீல்கள் வழியாக ஆயில் கசியும். நிமிர்த்தி, சுத்தம் செய்தாலே சில வண்டிகளில் ஒழுகல் நின்றுவிடும்.

கவர் போல்ட்டுகள்: கிளட்ச் கவர், டேப்பட் கவர் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், ஒன்றுக்கொன்று எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. பலத்தைக் காட்டாதீங்க. இன்ஜின் பாகம் அலுமினியம். மரை போய்விட்டால், சின்ன ஒழுகலுக்குப் பதில் பெரிய செலவு வந்து நிற்கும். எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்கணும் என்பது சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

கேஸ்கட்டே கிழிந்திருந்தால் கவரைக் கழற்றித்தான் ஆகணும். பழக்கம் இருந்தால் மட்டும் செய்யுங்க. முதலில் ஆயிலை இறக்கிடுங்க. போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வைங்க. ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீங்க, பரப்பில் கீறல் விழுந்தால் அந்த வழியாகவே ஒழுகும். மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ போதும். ‘நிறைய பேஸ்ட் வைத்தால் நிற்கும்’ என்பதும் தப்பு. உள்ளே பிதுங்கும் பேஸ்ட் ஆயில் போகும் துளையை அடைத்துவிடலாம்.

எப்போது மெக்கானிக்கிடம் போகணும்?

சிலிண்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் கசிந்தாலோ, இன்ஜின் கூடு இரண்டும் இணையும் நடுக்கோட்டில் ஒழுகினாலோ, கியர் ஷாஃப்ட், முன் ஸ்பிராக்கெட் பக்கம் சீல் போயிருந்தாலோ வீட்டில் முயல வேண்டாம். ஒழுகலே தெரியாமல் ஆயில் குறைந்து, சைலன்சரில் நீலநிறப் புகை வந்தால், ஆயில் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகும் வரை காத்திருக்காமல் இப்போதே காட்டுங்க. டயரிலோ பிரேக்கிலோ ஆயில் பட்டிருந்தால், அதைச் சுத்தம் செய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

வண்டி வாரண்டியில் இருக்கா? அப்படியானால் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க. ஜாப் கார்டில் ‘ஆயில் ஒழுகல்’ என்று எழுதச் சொல்லி வாங்குங்க. எந்தக் கடையானாலும், வேலை தொடங்கும் முன் மதிப்பீடு, முடிந்ததும் ரசீது, மாற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்க. நியாயம் கிடைக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியலாம். அப்போது அந்த ஜாப் கார்டும் ரசீதும், நீங்கள் எடுத்த படமும் கைகொடுக்கும்.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீங்க, எரிக்கவும் செய்யாதீங்க. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் பழைய ஆயிலும் அபாயகரக் கழிவுதான். மூடியுள்ள பழைய கேனில் சேர்த்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைங்க. பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துடுங்க.

வேலை முடிந்த அன்று இரவும் அதே அட்டையைத் திருப்பி வண்டிக்கடியில் விரிங்க. காலையில் பொட்டு இல்லை என்றால் நிம்மதியாகக் கிளம்பலாம். ஒரு வாரம் கழித்து ஆயில் அளவை மட்டும் இன்னொரு தடவை பார்த்துடுங்க.