கண்ணை பறித்து உயிரை குடிக்கும் மெத்தனால்: உடம்புக்குள் நடப்பது என்ன?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் பரிதாபமாக இறந்தனர். இதில் பெண்களும் அடக்கம்.

கல்வராயன் மலையில் வெல்லம், மரப்பட்டையை ஊற வைத்து காய்ச்சுவது வேறு சாராயம். அது நல்லதா என்றால் அதுவும் இல்லை. ஆனால் கருணாபுரத்தில் விற்றதில் இருந்தது மெத்தனால். பெயிண்ட், வார்னிஷ் தயாரிப்பில் பயன்படும் விஷ திரவம். நிறம் கிடையாது, வாசனையும் சாராயம் மாதிரிதான். குடிக்கிறவருக்கு எப்படி தெரியும்?

குடித்ததும் வழக்கமான போதைதான். வினை அப்புறம்தான் ஆரம்பம். கல்லீரல் அதை பார்மிக் அமிலமாக மாற்றி விடும். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம்! அது கண் நரம்பை பாழாக்கி, ரத்தத்தில் கலந்து மூச்சு முட்ட வைக்கும். இதெல்லாம் தெரிய 12 முதல் 24 மணி நேரம் கூட ஆகலாம். அதற்குள் ‘தூங்கினா சரியாயிடும்’ என்று படுத்து விடுவதுதான் பெரிய ஆபத்து.

பார்வை மங்கல், வாந்தி, வயிற்று வலி வந்தால் உடனே 108-ஐ கூப்பிட வேண்டும். போமெபிசோல் மருந்தும் டயாலிசிசும் காப்பாற்றும், நேரத்தோடு போனால். போலீசுக்கு பயந்து டாக்டரிடம் மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டில் இதே மெத்தனாலுக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அடுத்த ஆண்டே கருணாபுரம். அதன் பிறகுதான் மதுவிலக்கு சட்டம் ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கப்பட்டது. வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி சென்னை ஐகோர்ட்டு 2024 நவம்பரில் உத்தரவிட்டது.